கென்யாவின் கைப்பேசிப் பணம்

கென்யாவில் 2007 மார்ச் மாதம் எம்-பெசா என்ற சேவை தொடங்கியது. 'எம்' என்றால் மொபைல். 'பெசா' என்றால் ஸ்வாஹிலி மொழியில் பணம். இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த 'பைசா'தான் அந்தச் சொல். புதிய தொழில்நுட்பம் ஏழை நாடுகளில் ஏற்றத்தாழ்வைக் குறைக்குமா, கூட்டுமா என்ற கேள்விக்குக் கென்யாவின் அனுபவத்தில் இரண்டு வகையான விடையும் இருக்கிறது.

அப்போது கென்யாவில் வங்கிக் கிளைகள் பெரும்பாலும் நகரங்களில்தான் இருந்தன. நைரோபியில் வேலை செய்தவர், கிராமத்திலிருந்த தாய்க்குப் பணம் அனுப்பப் பேருந்து ஓட்டுநரையோ ஊருக்குப் போகும் உறவினரையோ நம்ப வேண்டியிருந்தது. எம்-பெசா அந்த வேலையைக் கைப்பேசிக்கு மாற்றியது. அதற்கு இணையமும் தேவைப்படவில்லை, விலை உயர்ந்த கருவியும் தேவைப்படவில்லை. சாதாரண பொத்தான் கைப்பேசியின் சிம் அட்டையிலேயே அந்தச் சேவை அடங்கியிருந்தது.

நடைமுறை எளிது. வாடிக்கையாளர் தெருமுனைக் கடைக்குப் போகிறார். கடைக்காரர்தான் முகவர். வாடிக்கையாளர் ரொக்கத்தைக் கொடுக்கிறார். கடைக்காரர் பதிவேட்டில் பெயரையும் தொகையையும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். இருவர் கைப்பேசியிலும் குறுஞ்செய்தி ஒலிக்கிறது. பணம் கணக்கில் ஏறிவிட்டது. அதை அவர் கைப்பேசியிலேயே தாய்க்கு அனுப்புகிறார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தாய் இன்னொரு கடையில் அதை ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார். கருவி புதியது என்றாலும், மக்கள் நம்பி நுழைந்தது ஏற்கெனவே பழகிய கடைக்குள்தான்.

முறையான நிதிச் சேவை கிடைத்த கென்யர்கள் 2006-இல் 100 பேரில் 27 பேர்; 2021-இல் 84 பேர். பொருளாதார அறிஞர்கள் தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எம்-பெசாவால் ஏறக்குறைய 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டன. பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களில் பலன் கூடுதலாக இருந்தது. வயிற்றுப்பாட்டு விவசாயத்தை மட்டும் நம்பியிருந்த பெண்கள் பலர் சிறு வணிகத்துக்கு மாறினர்.

கைப்பேசிப் பணம் சூரிய மின்சாரத்துக்கும் வழி திறந்தது. கூரையில் சிறிய சூரியத் தகடு, இரண்டு மூன்று எல்இடி விளக்குகள், கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதி என்று ஒரு தொகுப்பு. முழு விலையையும் ஒரே நேரத்தில் கொடுக்க ஏழைக் குடும்பத்தால் முடியாது. முன்பணம் கட்டி, மீதியை ஏறத்தாழ ஓராண்டுக்கு நாள்தோறும் சிறு தொகையாகக் கைப்பேசி வழியே கட்டலாம் என்ற ஏற்பாடு வந்தது. மண்ணெண்ணெய்க்குச் செலவான காசு விளக்கின் தவணையானது. ஆனால் கருவிக்குள்ளும் ஒரு சிம் அட்டை உண்டு. கட்டிய நாள் முடிந்து அடுத்த தொகை வராவிட்டால், விளக்கு தொலைவிலிருந்தே அணைக்கப்படும். கடன் தீரும் வரை வீட்டின் வெளிச்சம் விற்றவரின் கட்டுப்பாட்டில்தான்.

கடன் சேவையில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. 2012 முதல் கைப்பேசியிலேயே சிறுகடன் கிடைக்கத் தொடங்கியது. ஈடாக நிலமோ நகையோ கேட்பதில்லை. பணம் அனுப்பிய விவரம், கைப்பேசியில் பேசுவதற்குக் கட்டிய தொகை போன்ற தரவுகளைக் கணினி எடைபோட்டுக் கடனைத் தீர்மானிக்கிறது. தொடக்ககாலச் சேவை ஒன்றில் 30 நாள் கடனுக்குக் கட்டணம் 7.5 விழுக்காடு. ஆயிரம் ஷில்லிங் வாங்கினால் 75 ஷில்லிங்தான் கூடுதல் என்று சிறிதாகத் தோன்றும். ஆண்டுக் கணக்கில் அது 90 விழுக்காடு. பின்னால் வந்த கடன் செயலிகள் சில, தவணை தவறியவரின் கைப்பேசியிலிருந்த எண்களையெல்லாம் அழைத்து, உறவினர் முன்னும் முதலாளி முன்னும் அவரை அவமானப்படுத்தின. 2022-இல் கென்ய மத்திய வங்கி விதிமுறைகள் கொண்டுவந்து, கடன் செயலிகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இத்தகைய வசூல் முறைகளுக்கும் தடை விதித்தது.

இவை நாட்டுக்குள் நடந்தவை. செயற்கை நுண்ணறிவிலோ இடைவெளி நாடுகளுக்கு நடுவே விரிகிறது. படங்களுக்கும் வாசகங்களுக்கும் குறியிட்டுக் கணினியைப் பழக்கும் வேலை நைரோபி இளைஞர்களுக்குக் கிடைத்தது. அவர்களில் சிலருக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலியே கிடைத்ததாக 2023-இல் செய்திகள் வெளிவந்தன. அந்த உழைப்பில் உருவாகும் மென்பொருளின் உரிமையும் லாபமும் வேறு நாடுகளில் தங்குகின்றன. ஐக்கிய நாடுகள் வணிக, மேம்பாட்டு அமைப்பான அங்க்டாட் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குச் செலவிடும் தொகையில் 40 விழுக்காடு வெறும் 100 நிறுவனங்களுடையது. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவையும் சீனாவையும் சேர்ந்தவை. செயற்கை நுண்ணறிவுக்கான உலகளாவிய விதிகளைப் பேசும் முக்கிய அரங்குகள் எதிலும் 118 நாடுகளுக்கு இடமில்லை என்றும் அந்த அறிக்கை கூறுகிறது.

மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த கைப்பேசியையும் பக்கத்துக் கடையையும் கொண்டு இயங்கியபோது தொழில்நுட்பம் கென்யாவின் ஏழைகளைச் சென்றடைந்தது. கட்டணமும் நிபந்தனையும் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் முடிவானபோது அதே தொழில்நுட்பம் சுமையானது. 2020-இல் கொரோனா பரவிய நேரத்தில், 1,000 ஷில்லிங் வரையிலான கைப்பேசிப் பரிமாற்றங்களுக்குக் கட்டணம் நிறுத்தப்பட்டது. அந்த மாற்றத்துக்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. மாறியது விதி மட்டுமே.