வளர்த்தோர் சொல்ல வேண்டிய உண்மை

பிறந்த குழந்தையின் முகத்தில் தந்தையின் மூக்கையும் தாயின் கண்ணையும் கண்டு உறவினர் மகிழ்வது உலக வழக்கு. வேற்று நாட்டிற் பிறந்து, வேற்று நிறத்தவர் இல்லத்தில் வளரும் தத்துப்பிள்ளைக்கு இச்சிறு மகிழ்ச்சி கிட்டுவதில்லை. கண்ணாடியில் தோன்றும் முகம் ஒன்று. உணவு மேசையைச் சூழ்ந்திருக்கும் முகங்கள் வேறு. இவ்வேறுபாட்டைக் குறித்து வளர்த்த பெற்றோர் பிள்ளையுடன் எங்ஙனம் உரையாடுவது?

கொரிய யுத்தம் 1953இல் ஓய்ந்தது. 1955இல் அமெரிக்காவின் ஒறெகன் மாநிலத்துக் கமக்காரர் ஹறி ஹோல்ற் என்பவரும் அவர் மனைவி பேர்த்தாவும் கொரியக் குழந்தைகள் எண்மரைத் தத்தெடுத்தனர். அதன் பின்வந்த பல தசாப்தங்களில் ஏறக்குறைய 2 இலட்சம் கொரியப் பிள்ளைகள் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். "நிற வேற்றுமை பாராட்டாது, உங்கள் பிள்ளையாகவே வளருங்கள்" என்பதே அந்நாளைய பெற்றோர் பலருக்குக் கிடைத்த அறிவுரை. நல்லெண்ணத்திற் பிறந்த அறிவுரைதான். ஆயினும் வீடு பாராத நிறத்தை வீதி பார்த்தது. பாடசாலையில் கேலிக்கு ஆளான பிள்ளை, அதனை வீட்டிற் சொல்லச் சொல்லின்றித் தவித்தது. வளர்ந்து பெரியவரான பின் பலர் இதனை எழுதியும் பேசியும் உள்ளனர்.

ஆதலின், பிள்ளை கேட்கட்டும் என்று காத்திருத்தல் தகாது. மூன்று நான்கு வயதிலேயே குழந்தை நிறத்தைக் கவனிக்கின்றது. "உன்னைப் பெற்ற தாய் தந்தையரிடமிருந்து உனக்கு இந்த நிறம் வந்தது, அழகிய நிறம்" என்று இயல்பாகக் கூறலாம். கேலி செய்தார்கள் என்று பிள்ளை வந்து சொன்னால், "அதைப் பொருட்படுத்தாதே" என்பது பேச்சை முடித்துவிடும், "என்ன சொன்னார்கள்? உன் மனம் என்ன பாடுபட்டது?" என்பது பேச்சைத் தொடக்கிவைக்கும். பின்னர் ஆசிரியரைச் சென்று காண்பது பெற்றோர் கடன். தன்னைப் போன்ற தோற்றமுடைய பெரியோருடன் பிள்ளை பழகவும் வழிசெய்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது, "என்னைப் பெற்றவள் ஏன் கொடுத்தாள்?" என்னும் வினா. "அன்பினாலேயே கொடுத்தாள்" என்பது பலர் சொல்லும் விடை. அன்புள்ளவர் கைவிடுவர் போலும், இவர்களும் ஒருநாள் விடுவரோ என்று குழந்தை அஞ்சக்கூடும். அன்றியும், அவ்விடை உண்மையென்பதற்கு உறுதி யாது? 1973 முதல் 1997 வரை இலங்கையிலிருந்து சுவிற்சர்லாந்துக்குச் சென்ற குழந்தைகள் 881 பேர். அத்தத்தெடுப்புகளில் முறைகேடுகள் நிகழ்ந்ததையும், அவற்றைத் தடுக்க அதிகாரிகள் தவறியதையும் 2020இல் அந்நாட்டு அரசு ஏற்று வருத்தம் தெரிவித்தது. பெற்ற தாயின் பெயரே பொய்யாக எழுதப்பட்ட பத்திரங்களும் இருந்தன.

எனவே, "பத்திரத்தில் இவ்வாறு உள்ளது, அது மெய்யோ எனத் தெரியாது, நீ தேட விரும்பினால் நாங்களும் உடன் வருவோம்" என்பதே நேரிய விடையாகும். பெற்ற தாயைத் தேடும் பிள்ளை, வளர்த்த தாயைத் துறந்துவிடுவதில்லை. உண்மையைச் சொன்ன வீட்டிற்கு அப்பிள்ளை அச்சமின்றித் திரும்பி வரும்.