கதவோரம் நின்றவர்

(மருத்துவ, செவிலிய மாணவர்களுக்கான பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்கு மேடைப் பேச்சு வராது. கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காலனியில் பிறந்தவள். ஆரம்ப சுகாதாரத்தில் பலரும் சேர்ந்து வேலை செய்வது பற்றிப் பேசச் சொன்னீங்க.

1978ல், அப்போதைய சோவியத் நாட்டின் அல்மா ஆட்டாவில் ஒரு பிரகடனம் வந்தது. டாக்டர், நர்ஸ், தாதி, ஊர்ப் பணியாளர், தேவைப்பட்டால் நாட்டு வைத்தியர், எல்லாரும் ஒரே குழுவாக வேலை செய்யணும்னு அதில் இருக்கு. இங்கே 1973லேயே கர்த்தார் சிங் குழு பல்நோக்குப் பணியாளர் வேண்டும் என்றது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்று கணக்கும் இருக்கு. காகிதத்தில் குறை ஒன்றுமில்லை.

நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் மாதக் கூட்டம். டாக்டர், மருந்தாளுநர், சுகாதார ஆய்வாளருக்கு நாற்காலி. லேப் டெக்னீஷியனுக்கு ஸ்டூல். செவிலியர்கள் பெஞ்சில். ஆயாம்மா கதவோரம் நிற்பார். எங்க காலனிதான். டீ வாங்கி வருவது அவர். அவர் டம்ளர் மட்டும் ஜன்னல் மேலே தனியா இருக்கும். நானும் அதைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கலை. அதையும் சொல்லணும் இல்லையா?

அன்னைக்குப் பேச்சு ஒரு காலனிப் பெண்ணைப் பற்றி. ஏழு மாசக் கர்ப்பம், ஹீமோகுளோபின் 6 கிராம். 7க்குக் கீழே போனாலே கடுமையான ரத்தசோகை. மூணு மாசமா இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததாக என் பதிவேட்டில் இருக்கு, மருந்தாளுநர் கணக்கும் சரி. டாக்டர் என்னைத் திட்டினார். “அந்த ஜனங்க சொன்னா கேக்காதுங்க” என்றார் ஒருத்தர். கதவோரத்திலிருந்து ஆயாம்மா சொன்னார்: “மாத்திரை முழுங்கினா வாந்தி எடுக்குதுங்க. விடியக்காலம் வெறும் வயித்தோட சூளைக்குப் போகுது. காலுல செருப்பும் கிடையாது.”

நாங்க அஞ்சாறு பேர் படிச்சும் கேட்காத கேள்விக்குப் பதில் அது. மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினோம். வெறுங்கால் என்றால் கொக்கிப்புழு. லேப்பில் மலத்தைப் பார்த்தாங்க, முட்டை இருந்தது, பூச்சி மருந்து கொடுத்தோம். சுகாதார ஆய்வாளர் முதல் தடவையா காலனிக்குள் நடந்தார். ரத்தம் ஏற்ற டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கூடப் போனது ஆயாம்மா. தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க.

மகாராஷ்டிராவின் ஜாம்கேடைப் படிச்சுப் பாருங்க. வேலூர் சி.எம்.சி.யில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி 1970ல் தொடங்கிய வேலை. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களைத்தான் ஊர்ச் சுகாதாரப் பணியாளராகப் பழக்கினாங்க. பலர் தலித்துகள். இங்கே இன்னைக்கு நிறைய ஆஸ்பத்திரிகளில் துப்புரவு வேலையே ஒப்பந்தக்காரர் கையில். ஒப்பந்த ஆளை எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுவாங்க?

அடுத்த மாசம் டாக்டரே பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். ஆயாம்மா உட்காரலை. நான் நகர்ந்து, கையைப் பிடிச்சு இழுத்த பிறகுதான் உட்கார்ந்தார். டம்ளர் மட்டும் இன்னும் ரெண்டு வருஷம் ஜன்னல் மேலேயே இருந்தது. எப்படி இறங்குச்சுன்னு கேட்டா சொல்றேன். கேளுங்க.