முகவரி முன்னே, மடல் பின்னே
(பெங்களூரில் இளம் அலுவலர்களிடையே ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்று அரசுப் பணிக்கு வந்தவன் நான். நிரல் எழுதுவது என் தொழிலன்று. எனினும் ஒரு சிறு நிரற்பிழை மக்களின் பணத்தையும் நேரத்தையும் எவ்வாறு வீணாக்கும் என்பதை நேரில் கண்டவன்.

1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் இந்நகரில் மென்பொருள் மையம் அமைத்தது. பின்னர் கர்நாடக அரசின் ‘பூமி’ திட்டம் நில ஆவணங்களைக் கணிப்பொறியில் ஏற்றியது. இன்று விண்ணப்பமும் கட்டணமும் இணையவழியே செல்கின்றன. ஆகவே, நிரலின் ஒழுங்கும் நிர்வாக ஒழுங்கின் ஒரு பகுதியே.

சர்வர் அனுப்பும் விடையில் முதலில் நிலை எண்ணும் தலைப்பு வரிகளும் செல்லும். பின்னர் ஒரு வெற்று வரி. அதன் பின்னரே உள்ளடக்கம். ‘வேறு பக்கத்திற்குச் செல்க’ என்னும் ஆணையும் ஒரு தலைப்பு வரியே. அஞ்சற்பெட்டியில் இட்ட உறையின் முகவரியைத் திருத்த இயலாதது போல, உள்ளடக்கம் வெளியேறத் தொடங்கிய பின் தலைப்பு வரியைச் சேர்க்க இயலாது.

ஓர் அலுவலகத்தில், விண்ணப்பத்தைப் பதிந்ததும் ஒப்புகைப் பக்கத்திற்குத் திருப்ப வேண்டிய பி.எச்.பி. நிரல் திருப்பாமல் நின்றது. மக்கள் பக்கத்தைப் புதுப்பித்தனர். ஒரே விண்ணப்பம் இருமுறை பதிவாயிற்று. இந்திய மொழி எழுத்துகளுக்காகக் கோப்பை யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தபோது, அதன் தொடக்கத்தில் எடிட்டர் சேர்த்த, கண்ணுக்குப் புலப்படாத மூன்று பைட்டுகளே காரணம். சோதனைக் கணிப்பொறியில் உள்ளடக்கத்தை 4096 பைட் வரை தேக்கிவைக்கும் ஏற்பாடு இருந்தமையால் பிழை மறைந்திருந்தது. சர்வரில் அந்த ஏற்பாடு இல்லை.

இத்தகைய நிலையில் செய்யவேண்டியவை சில. பிழைச்செய்தியை முழுமையாகப் படியுங்கள். உள்ளடக்கம் எந்தக் கோப்பில், எந்த வரியில் தொடங்கியது என்பதை அதுவே கூறும். திருத்தவேண்டிய இடம் அதுவே, திருப்பும் வரியன்று. நிரலின் தொடக்கக் குறிக்கு முன்னுள்ள வெற்றிடத்தையும் அம்மூன்று பைட்டுகளையும் நீக்குங்கள். பதிவு முடிந்தபின் 303 என்னும் எண்ணுடன் திருப்புங்கள். ஒப்புகைப் பக்கத்தைப் புதுப்பித்தாலும் விண்ணப்பம் மீண்டும் செல்லாது. 301 நிரந்தர மாற்றத்திற்கு உரியது. உலாவி அதை நினைவில் கொள்ளும். திருப்பியவுடன் ‘எக்சிட்’ கட்டளையால் நிரலை நிறுத்துங்கள். இல்லையேல் எஞ்சிய வரிகளும் இயங்கி, உரிமையற்றவருக்கும் தகவல் சென்றுவிடக்கூடும்.

உள்ளடக்கத்தைத் தேக்கிவைத்துப் பிழையை மறைப்பது தீர்வாகாது; அடுத்த சர்வரில் அது மீண்டும் தலைகாட்டும். இருமுறை கட்டணம் செலுத்திவிட்டுத் திரும்பப் பெற அலைபவர் ஓர் ஏழை விவசாயியாகவும் இருக்கலாம். அவரை மனத்திற்கொண்டு நிரலைச் சரிபாருங்கள் என்று வேண்டி அமைகிறேன்.