பிள்ளைக்கு ஒரு கித்தார்



செர்டாங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உள்ள சில வீடுகளில் ஒரு கித்தார் இருக்கும். வாசிக்கப்படும் கித்தாரைச் சொல்லவில்லை. ஒரு தந்தி அறுந்து, தூசி படிந்து, அலமாரிக்கு மேலே கிடக்கும் கித்தாரைச் சொல்கிறேன். "ஆசையாய்க் கேட்டான், வாங்கிக் கொடுத்தோம். மூன்று மாதத்தில் விட்டுவிட்டான். அவனுக்கு அதெல்லாம் வராது" என்று தாயார் சொல்வார். பிள்ளையும் அதை நம்பிவிடுவான். பத்து வயதில் தனக்குச் சங்கீதம் வராது என்று நம்பிவிட்டவன் பிறகு எந்த வாத்தியத்தையும் எளிதில் தொடுவதில்லை.

அந்தத் தீர்ப்பைச் சொல்லுமுன் கித்தாரை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பிள்ளைக்கு வரவில்லையா, அல்லது அந்தக் கித்தாரில் யாருக்குமே வராதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைப் பார்ப்பது எப்படி, கையில் 400, 500 வெள்ளி மட்டுமே உள்ள ஒரு குடும்பம் கொஞ்சம் நல்ல கித்தாராக வாங்குவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

கித்தார் நமக்கு அந்நிய வாத்தியம் அன்று. இசைஞானி இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன் சலில் சௌத்ரி போன்றோரிடம் கித்தார் வாசித்தவர். நம் பக்கத்துப் பினாங்கில் தோன்றிய 'ஆலிகேட்ஸ்' குழுவின் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் தமிழ்ப் பிள்ளைகளே. மலாய்ப் பாட்டுலகில் அவர்கள் பெற்ற இடம் உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் சீனாவின் குவாங்சோ நகரிலிருந்து வந்த 'காப்போக்' கித்தார் இந்நாட்டில் எவ்வளவு பரவியிருந்தது என்றால், மலாய்மொழியில் சாதாரண மரக் கித்தாருக்கே 'கித்தார் காப்போக்' என்று பெயர் நிலைத்துவிட்டது. மலிவான கித்தாரில் கற்று முன்னுக்கு வந்தவர் பலர் உண்டு. அதே வலியில் விட்டுவிட்டவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

நல்ல கித்தார் என்றால் என்ன? கடையில் முதலில் கண்ணைப் பறிப்பது பளபளப்பும் வண்ணமும் சிப்பி வேலைப்பாடும்தான். அவற்றிலிருந்து ஒலி பிறப்பதில்லை. ஸ்பெயின் நாட்டில் 1817 முதல் 1892 வரை வாழ்ந்த அந்தோனியோ தெ தோரஸ் என்பவர்தான் இன்றைய கித்தாரின் வடிவத்தை வகுத்தவர். அவர் 1862ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். கித்தாரின் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தால் செய்தார். அந்த அட்டைக் கித்தார் பார்சலோனா நகர் இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. ஒலியின் உயிர் மேல்பலகையில்தான் என்பதை அவர் அவ்வாறு காட்டினார். ஆகவே பக்கப் பலகையின் அழகுக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் கண்ணுக்குக் கொடுக்கும் காசுதான்.

ஆனால் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு ஒலியைவிட முக்கியமான ஒன்று உண்டு. அது தந்தியின் உயரம். வீணையில் இருப்பதுபோல் கித்தாரின் கழுத்திலும் மெட்டுகள் பதித்திருக்கின்றன. தந்தி மெட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அவ்வளவு தூரம் பிள்ளையின் விரல் அதை அழுத்த வேண்டும். 12ஆவது மெட்டில் அளந்தால், நைலான் தந்திக் கித்தாரில் மெல்லிய தந்தி 3 மில்லிமீட்டர், தடித்த தந்தி 4 மில்லிமீட்டர் அளவில் இருக்கலாம். இரும்புத் தந்தி என்றால் 2 முதல் 2½ மில்லிமீட்டர் போதும். அதற்கு இரட்டிப்பாக நிற்கும் கித்தாரைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, "ஏன் அழுத்தமாட்டேன் என்கிறாய்?" என்று அதட்டினால் அவன் என்ன செய்வான்? இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. உயரத்தில் நிற்கும் தந்தியைக் கீழே அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். விரலும் நோகிறது, ஒலியும் கசக்கிறது. சரியாகத்தான் பிடித்தோமா என்ற சந்தேகமும் பிள்ளைக்கு வந்துவிடுகிறது.

கடைக்குப் போகும்போது, வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போவது நல்லது. தேவாலயப் பாடகர் குழுவிலோ கல்யாண இசைக்குழுவிலோ வாசிக்கும் தம்பி ஒருவர் எந்த ஊரிலும் அகப்படுவார். அகப்படாவிட்டாலும் பரவாயில்லை. முதலில் கித்தாரைத் துப்பாக்கிபோல் கண்ணருகே பிடித்து, கழுத்து நெடுகிலும் ஒரு கண்ணால் பாருங்கள். முறுக்கியோ வில்போல் வளைந்தோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். இரும்புத் தந்திக் கித்தார்களில் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதைத் திருகி வளைவை ஓரளவு சரிசெய்யலாம். நைலான் தந்திக் கித்தார்கள் பலவற்றில் அது கிடையாது.

அடுத்தது சுருதிச் சோதனை. 12ஆவது மெட்டு, தந்தியின் நீளத்தில் சரிபாதியில் இருக்கிறது. நம் 12 சுரத்தானங்களையும் தாண்டி மேல் சட்ஜம் அங்கே கிடைக்கும். தந்தியைத் திறந்தபடி ஒருமுறை மீட்டுங்கள். பிறகு 12ஆவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் கீழ்ச் சட்ஜமும் மேல் சட்ஜமும்போல் ஒட்டி நிற்க வேண்டும். காதில் நம்பிக்கை இல்லையென்றால் சுருதி பார்க்கும் செயலி இப்போது கைத்தொலைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு தந்திகளிலும் பாருங்கள். பிறகு மூன்றாவது மெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் மெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு மெல்லிய காகிதம் நுழையும் அளவே இருக்க வேண்டும். பிள்ளை முதல் ஆண்டு முழுவதும் வாசிப்பது முதல் மூன்று மெட்டுகளில்தான். மலிவுக் கித்தாரில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தந்தி உயர்ந்து நிற்கும். முறுக்காணிகளையும் திருப்பிப் பாருங்கள். இறுக்கிய தந்தி மறுநிமிடமே தளரக் கூடாது.

படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்கினால் இவற்றில் எதையும் செய்ய முடியாது. 50 வெள்ளி மிச்சமாகலாம். அந்த 50 வெள்ளிக்காக இவ்வளவையும் கண்ணை மூடிக்கொண்டு விட வேண்டுமா? செர்டாங்கிலிருந்து பாரிட் புந்தாருக்கோ புக்கிட் மெர்தாஜமுக்கோ ஒருநாள் பஸ் ஏறிப் போய் வருவது மேல் என்பேன்.

தந்தி எது என்று கேட்பார்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நைலான் தந்திதான். முன்பு கித்தாருக்கு ஆட்டுக்குடல் நரம்பைக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1940களில், ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானைக் கொண்டுவந்தார். அது விரலுக்கு மென்மையானது. ஆறு நைலான் தந்திகளின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 40 கிலோ, இரும்புத் தந்திகளுக்கு 70 கிலோவுக்கும் மேல். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "ஓசை பத்தவில்லை" என்று நைலான் கித்தாரில் இரும்புத் தந்தியைக் கட்டிவிடும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. சில வாரத்தில் மேல்பலகை உப்பிக்கொண்டு, குதிரை பிய்ந்து வந்துவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அளவும் முக்கியம். "வளர்கிற பிள்ளைதானே, பெரியதாகவே வாங்குவோம்" என்பது பள்ளிச் சட்டைக்குப் பொருந்தலாம், கித்தாருக்குப் பொருந்தாது. பெரியவர்களின் நைலான் கித்தாரில் தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர். எட்டு முதல் பதினொரு வயதுவரை 580 மில்லிமீட்டர் உள்ள முக்கால் அளவும், அதற்கும் சிறியவருக்கு 535 மில்லிமீட்டர் உள்ள அரை அளவும் பொதுவாகச் சரியாக இருக்கும். வயதைவிடக் கையைப் பாருங்கள். பிள்ளை உட்கார்ந்து, தோளைத் தூக்காமல் முதல் மெட்டை எட்ட வேண்டும்.

வானொலியில் ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னால் விளம்பரம்போல் தோன்றும். இருந்தாலும் ஓர் எடுத்துக்காட்டு இல்லாமல் கடைக்குப் போனால் திகைப்பீர்கள். யமஹாவில் முழு அளவுக்கு சி-40, முக்கால் அளவுக்கு சிஜிஎஸ்-103, அரை அளவுக்கு சிஜிஎஸ்-102 என்பவை தொடக்கக்காரருக்கானவை. இவற்றை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதே விலையில் வேறு பெயருள்ளவற்றையும் மேற்சொன்ன சோதனைகளால் ஒப்பிட்டுப் பாருங்கள். சோதனையில் தேறுவதை வாங்குங்கள், பெயரை வாங்க வேண்டாம்.

இனி மேல்பலகை. தோரஸ் கதையைக் கேட்டுவிட்டு, முழுமரப் பலகைதான் வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். மலிவுக் கித்தாரின் மேல்பலகை பெரும்பாலும் ஒட்டுப்பலகை. ஒலித்துளையின் விளிம்பைப் பார்த்தால் தெரியும். மேலே ஓடும் மரக்கோடுகள் விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் முழுமரம், அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. முழுமரத்தின் ஒலி இனிமையானது, வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும். ஆனால் அதற்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு இருந்தால் நல்லது. நம் ஊரிலோ 80க்கு மேல் போவது சர்வசாதாரணம். ஈரத்தில் முழுமரம் உப்பும், வறட்சியில் வெடிக்கும். தகரக் கூரை வீட்டில், பத்து வயதுப் பையன் கையில், ஒட்டுப்பலகை ஒன்றும் கேவலமில்லை. இரண்டு ஆண்டு விடாமல் வாசித்து, ஒலியைப் பற்றி அவனே குறைசொல்லத் தொடங்கும்போது முழுமரப் பலகை உள்ளதைப் பார்க்கலாம். பழைய கித்தாரை அப்போது தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்கலாம்.

சரி, அலமாரிமேல் கிடக்கும் கித்தாரை என்ன செய்வது? அதை இறக்குங்கள். கழுத்து நேராக இருந்து, குதிரையும் பலகையை விட்டு எழும்பாமல் இருந்தால் அதற்கு இன்னும் ஆயுள் உண்டு. குதிரையின்மேல் பதித்திருக்கும் வெள்ளைத் துண்டு தனியாகக் கழன்று வரும். அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் சமமாகத் தேய்த்தால் தந்தி இறங்கும். 12ஆவது மெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்க, துண்டில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும், ஏனென்றால் அந்த மெட்டு பாதித் தூரத்தில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, அவ்வப்போது மாட்டிப் பாருங்கள். அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால் தந்தி மெட்டில் உரசி 'ஜிர்' என்று ஒலிக்கும். கைவராது என்று தோன்றினால் பழுதுபார்க்கும் கடையில் கொடுங்கள். புதிய கித்தாரை வாங்கும் போதும், தந்தியை இறக்கித் தரும்படி கடைக்காரரிடம் காசு கொடுக்குமுன்பே கேளுங்கள். 500 வெள்ளியில் 450க்குக் கித்தாரும் மீதிக்கு இந்த வேலையும் செய்துகொண்டால், முழுத் தொகைக்கும் வாங்கிய கித்தாரைவிட அது நன்றாக வாசிக்கும்.

வீட்டில் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் சுவர் ஈரத்தைக் கக்கும். பைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் வைக்க வேண்டாம், பசை இளகிவிடும். தந்திகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைக் கட்டிய பிறகே அடுத்ததைக் கழற்றச் சொல்லுங்கள். அதைப் பிள்ளையே செய்யட்டும். புது நைலான் தந்தி இரண்டு மூன்று நாளுக்குத் தளர்ந்துகொண்டே இருக்கும். அது கித்தாரின் குறை அன்று என்பதையும் அவனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.