முட்டையின்றி ஒரு நத்தார் கேக்

மாத்தளை நகரிலிருந்து கிழக்கு நோக்கி மலையேறும் சாலையில் அமைந்திருப்பது இரத்தோட்டை. அவ்வூரைக் கடந்த பின்னரும் சாலை ஓய்வதில்லை; றிவஸ்டன் கணவாய் வரை ஏறி, அப்பால் லக்கலைப் பக்கமாக இறங்குகின்றது. வழியின் இருமருங்கிலும் தேயிலை, நிழல் மரங்களைத் தழுவிய மிளகுக் கொடி, கராம்பு, சாதிக்காய், கொக்கோ. வாசனைத் திரவியங்களுக்குப் பேர் போன மாத்தளை மாவட்டத்தின் செல்வமெல்லாம் ஓரிடத்தில் கூடிநிற்கும் ஊர் இது. மார்கழி பிறந்ததும் வடகீழ்ப் பருவமழை நக்கிள்ஸ் மலைத்தொடரை முகிலால் போர்த்திவிடுகின்றது. குளிர் மிகுந்த அந்நாள்களிலேதான் நத்தார்ப் பண்டிகையும் வந்து சேர்கின்றது.

சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவரும் அயலவராக வாழும் ஊர் இரத்தோட்டை. இத்தகைய ஊர்களில் பண்டிகை என்பது ஒரு வீட்டோடு முடிவதன்று. தைப்பொங்கலன்று பொங்கலும், சித்திரையில் பாற்சோறும், நோன்புப் பெருநாளில் வட்டிலப்பமும் வேலி கடந்து செல்லும். நத்தார் அன்று செல்வது கேக். ஆனால் அந்தக் கேக்குத்தான் போகின்ற இடமெல்லாம் ஒரு சிறு தடையைச் சந்திக்கின்றது.

சைவ வீட்டு அம்மை தட்டை இரு கையாலும் அன்போடு வாங்கிக்கொள்கிறார். ஆனால் மார்கழி, திருவெம்பாவைக் காலம். சில ஆண்டுகளில் நத்தார் நாளும் அந்தப் பத்து நாள்களுக்குள்ளேயே அமைந்துவிடுகின்றது. விரதம் காக்கும் வீட்டில் முட்டை சேர்ந்த பண்டத்தை எவரும் தொடுவதில்லை. முஸ்லிம் வீட்டிலோ முட்டை தடையன்று; பழங்களை ஊறவைத்த பிராந்திதான் தடை. பௌத்த வீட்டிலும் முட்டையை விலக்கிய பெரியோர் உண்டு. கொடுத்தவரின் மனம் நோகாதிருக்க, ‘பிறகு சாப்பிடுகிறோம்’ என்று எல்லோரும் சொல்லிவிடுவர். தட்டு திரும்பி வரும். அதில் சீனியோ வாழைப்பழமோ இருக்கும். ஆனால் கொடுத்த கேக்கை உண்டவர் யார் என்பதைக் கொடுத்தவளும் கேட்பதில்லை; வாங்கியவளும் சொல்வதில்லை.

இந்தத் தயக்கத்தை நீக்க வழி உண்டா? முட்டை, வெண்ணெய், பால், மது ஆகிய நான்கையும் விலக்கி, நாவுக்கு இனிய ஒரு பழக் கேக்கை ஆக்க முடியுமா? முடியும் என்பதையும், அதற்கு வேண்டிய பொருள்களிற் பெரும்பாலானவை இரத்தோட்டைச் சந்தையிலேயே கிடைக்கும் என்பதையும் நேயர்கள் இங்கே காணலாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழர் ‘சைவச் சாப்பாடு’ என்று வழங்கும் உணவில் பாலும் தயிரும் நெய்யும் இடம்பெறும். புலாலும் முட்டையும் மட்டுமே விலக்கு. அதனினும் ஒரு படி மேலே சென்று, உயிரினங்களிடமிருந்து பெறும் பால், நெய், தேன் முதலியவற்றையும் விலக்கும் உணவு முறையை இன்று ‘வீகன்’ என்று அழைக்கிறார்கள். 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனல்ட் வாட்சன் என்பாரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சங்கத்தோடு வழக்கிற்கு வந்த பெயர் அது. பெயர் புதிது, அதன் அடியிலுள்ள எண்ணம் புதிதன்று. புலால் மறுத்தலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவரின் வழிவந்தோருக்கு உணவில் அருளை நாடுவது அயலாரின் கொள்கையாகத் தோன்றாது.

முட்டையில்லாத கேக்கை அறத்திற்காக மட்டும் மனிதர் ஆக்கினார் அல்லர். முதலாம் உலகப் போரின்போது, 1918ஆம் ஆண்டளவில், முட்டை, வெண்ணெய், பால் மூன்றையும் விலக்கி, உலர்ந்த பழங்களை வேகவைத்துச் செய்யும் கேக் அமெரிக்க இல்லங்களில் பரவியது. உணவுத் தட்டுப்பாடு கற்பித்த பாடம் அது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவும் முட்டையும் எட்டாத விலைக்கு ஏறின; 2023ஆம் ஆண்டில் முட்டையை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யவேண்டிய நிலை வந்தது. முட்டைகளை எண்ணி உடைத்துச் செய்யும் கேக்கை அந்நாள்களில் எத்தனையோ தோட்டத்து வீடுகள் கைவிட்டிருக்கும். ஆதலால் இது நோன்பிருப்போருக்கு மட்டும் உரிய செய்தியன்று. பணப்பையை எண்ணிப் பார்ப்போருக்கும் உரியது.

இனி, கேக்கின் பெயரிலே உள்ள ஒரு வேடிக்கை. ‘பிளம் கேக்’ என்பது உலகறிந்த பெயர். ஆனால் அதில் பிளம் பழத்தைத் தேடினால் அகப்படாது. முற்காலத்து ஆங்கிலேயர் உலர்ந்த திராட்சையையும் ‘பிளம்’ என்றே அழைத்தனர். அவர்கள் நாட்டில் அவ்வழக்கு அருகிப்போயிற்று. இலங்கையிலோ அது இன்றும் உயிரோடிருக்கின்றது. கடையில் ‘கால் கிலோ பிளம்ஸ்’ என்று கேட்டால், கடைக்காரர் உலர்ந்த திராட்சையைத்தான் நிறுத்துக் கொடுப்பார். மெய்யான பிளம் பழம் குளிர்நாட்டு மரத்தின் கனி. தமிழகத்தில் கொடைக்கானல், நீலகிரி மலைகளில் கோடையில் அது பழுக்கும். அங்குள்ளோர் பருவத்துப் பிளம்மைக் கொட்டை நீக்கிச் சேர்ப்பது பொருத்தமே. இரத்தோட்டைக்கு உரியது வேறு. பிளம்மின் புளிப்பும் சாறும் வேண்டுமாயின், இங்கே கைக்கெட்டும் தூரத்தில் அம்பரெல்லாக் காய் இருக்கின்றது. அது மாமரத்தின் இனத்தைச் சேர்ந்ததேயாயினும், சற்றே பழுத்த பதத்தில் சர்க்கரையோடு சேர்த்துக் காய்ச்சினால், பிளம்மின் குறையை நன்கு நிரப்பிவிடும்.

வாதுமை மாவின் கதையும் இதுவே. வாதுமை இந்நாட்டில் விளைவதில்லை. கப்பலேறி வருவதால் விலையும் மிகுதி. அதன் இடத்தைக் கஜு நிரப்பும். கஜுவும் ஒரு காலத்தில் விருந்தாளியே. பிரேசில் நாட்டு மரமான அதனைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தனர். ஐரோப்பியர் வாதுமை சேர்த்துச் செய்த இனிப்புகளை இலங்கையர் கஜுச் சேர்த்துச் செய்து தமதாக்கிக்கொண்டனர். இலங்கையின் புகழ் பெற்ற ‘லவ் கேக்’ அதற்குச் சான்று. கேரளத்துத் தலைச்சேரியிலும் இதனை ஒத்த கதை ஒன்று உண்டு. 1883ஆம் ஆண்டில் கறுவாத் தோட்டத் துரையான மர்டொக் பிரவுன் என்பார், இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றை மாம்பள்ளி பாபு என்னும் வெதுப்பகத்தாரிடம் காட்டி, அதைப்போல் ஒன்று செய்து தரக் கேட்டாராம். பாபு சீமைச் சரக்குகளையே நம்பியிராமல், உள்ளூர்ப் பழத்தையும் முந்திரிப் பழச் சாராயத்தையும் சேர்த்துச் செய்து துரையின் பாராட்டைப் பெற்றார் என்று அவ்வூரார் சொல்கின்றனர். கேக் எந்த ஊருக்குச் சென்றாலும் அந்த ஊரின் விளைபொருளை ஏற்றுக்கொண்டே வாழ்ந்திருக்கின்றது. அதனை மாற்றுவது மரபை மீறுவதாகாது. மாற்றமே அதன் மரபு.

முட்டையை விலக்குமுன் அது கேக்கில் ஆற்றும் தொழில்களை அறிதல் வேண்டும். அடித்த முட்டை காற்றைத் தன்னுள் சிறைப்படுத்திக் கேக்கை எழச் செய்கின்றது, சூட்டில் உறைந்து மாவைப் பிணைக்கின்றது, ஈரத்தையும் தருகின்றது. இம்மூன்றையும் மூன்று வேலையாளரிடம் பங்கிட்டுக் கொடுத்தால் போதும். எழச் செய்வதற்கு அப்பச்சோடாவும் தேசிக்காய்ச் சாறும். இவை சேர்ந்ததும் கரியமில வாயு பிறந்து மாவை உப்பச் செய்யும். பிணைப்பதற்கு நன்கு கனிந்த வாழைப்பழம். ஈரத்திற்கும் கொழுப்பிற்கும் தேங்காய்ப்பால். பிராந்தியின் இடத்தில் மலைநாட்டின் சொந்தப் பானமாகிய சாயத் தேநீர். அதன் துவர்ப்பு, பழங்களின் திகட்டும் இனிப்பை அடக்கி ஆழமான சுவையைத் தரும்.

எட்டு அங்குலத் தட்டு ஒன்றுக்கு வேண்டிய அளவு இது: பிளம்ஸ் 250 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 100 கிராம், பாகில் ஊறிய நீற்றுப்பூசணித் தோசி 100 கிராம், அம்பரெல்லாச் சதை 200 கிராம், கித்துள் கருப்பட்டி 200 கிராம், கோதுமை மா 225 கிராம், கஜு 150 கிராம், கெட்டியான முதற் தேங்காய்ப்பால் 150 மில்லிலீற்றர், தேங்காயெண்ணெய் 75 மில்லிலீற்றர், வாழைப்பழம் ஒன்று, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. வாசனைக்குக் கறுவாத் தூள் ஒரு தேக்கரண்டி, கராம்பு நான்கு, ஏலம் ஐந்து, துருவிய சாதிக்காய் கால் தேக்கரண்டி.

முதல் நாள் இரவே பிளம்ஸ், பேரீச்சம்பழம், தோசி மூன்றையும் சிறிதாக நறுக்கி, 200 மில்லிலீற்றர் கடுஞ்சாயத் தேநீரில் ஊறவைத்தல் வேண்டும். மறுநாள் அம்பரெல்லாவைத் தோல் சீவி, முள்போன்ற நார் கொண்ட கொட்டையைத் தவிர்த்துச் சதையை மட்டும் எடுத்து, 50 கிராம் கருப்பட்டியோடு சேர்த்துக் கெட்டியாகும் வரை கிளறி இறக்குக. எஞ்சிய கருப்பட்டியைத் தேங்காய்ப்பாலில் இட்டு, சிறு தீயில் கரைத்து, கல்லும் தூசியும் போக வடித்து ஆறவிடுக. கொதிக்க விட்டால் பால் திரிந்துபோகும்.

கஜுவை ஈரமில்லாமல் துடைத்து, ஒரு கரண்டி கோதுமை மாவோடு சேர்த்து, விட்டு விட்டு அரைத்தல் வேண்டும். தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும். கஜுவுக்கோ வாதுமைக்கோ கோதுமையைப்போல் இழுபட்டுப் பிணையும் தன்மை இல்லை. அதனால் கோதுமை மாவை முற்றாக நீக்கிவிட்டு இவற்றால் மட்டும் செய்யும் கேக் வெட்டும்போது உதிர்ந்துவிடக் கூடும். பின்னர் மா, கஜுத் தூள், பேக்கிங் பவுடர், அப்பச்சோடா, உப்பு, வாசனைப் பொடி அனைத்தையும் ஒன்றாக இருமுறை அரித்துக் கலந்து வைத்துக்கொள்க. மசித்த வாழைப்பழம், ஆறிய கருப்பட்டிப் பால், எண்ணெய், அம்பரெல்லா, ஊறிய பழங்கள், மிஞ்சிய தேநீர் ஆகியவற்றை வேறொரு பாத்திரத்தில் சேர்த்து, மாவை அதில் சிறிது சிறிதாக இட்டுக் கலத்தல் வேண்டும். தேசிக்காய்ச் சாற்றை இறுதியில் விட்டு, நாலைந்து முறை மட்டும் கிளறி, உடனே சூட்டில் வைத்துவிடவேண்டும். தாமதித்தால் பிறந்த வாயு வீணே போய்விடும், கேக் எழாது.

தட்டுக்கு நெய் பூசும் பழக்கம் கையோடு வந்துவிட்டது. இங்கே அது ஆகாது. தேங்காயெண்ணெயே பூசி, கடதாசி விரித்தல் வேண்டும். 160 பாகை சூட்டில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வேகும். ஈர்க்கு ஒன்றைக் குத்தி எடுத்தால் மா ஒட்டாமல் வரும் பதமே பதம். மின்போறணை இல்லாத வீட்டார் மனந்தளர வேண்டியதில்லை. மேலும் கீழும் தணலிட்டுப் பிபிக்கன் சுட்ட முன்னோர் கண்ட வழி இருக்கின்றது. கனத்த பாத்திரத்தின் அடியில் மணல் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின்மீது தணல் இட்டால் போதும். தீ மட்டும் நிதானமாக இருத்தல் அவசியம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுதல் நன்று. இந்தக் கேக், முட்டைகள் பல சேர்த்து, பிராந்தி ஊட்டி, வாரக்கணக்கில் வைத்து உண்ணும் பழைய கேக்கைப் போன்றதன்று. சற்றுக் கனமாக இருக்கும். தேங்காய்ப்பால் சேர்வதால் நெடுநாள் தாங்காது. குளிர்ந்த மலைக்காலத்திலும் நான்கு நாள்களுக்குள் உண்டுவிடுதல் நலம். ஆயினும் அக்குறையிலும் ஒரு நன்மை உண்டு. பூட்டி வைக்க முடியாத பண்டம் பகிர்ந்துகொடுக்கப்பட்டே தீரும் அன்றோ?

இன்னொரு செய்தியும் எண்ணத்தக்கது. கறுவாவுக்குப் பேர் போனது தென்கரையோரம். ஆனால் கராம்பும் சாதிக்காயும் இரத்தோட்டையின் மண்ணில் விளைபவை. உலகத்தின் எத்தனையோ அடுப்பங்கரைகளை மணக்கச் செய்பவை இத்தகைய மலையூர்களின் வாசனைத் திரவியங்களே. கராம்பு மொட்டுக் கிள்ளும் கைகளும், கொழுந்து பறிக்கும் கைகளும், தாம் விளைவித்தவற்றைத் தம் வீட்டுப் பண்டிகையிலேயே கலந்து சுவைப்பது நியாயமானதே. கடையிலிருந்து பளபளக்கும் தாள் சுற்றி வருவது மட்டுமே கேக் என்னும் எண்ணம் அப்போது தானே விலகும்.

நத்தார் காலையில் மழை சற்று ஓய்ந்ததும், பூப்போட்ட துணியால் மூடிய தட்டு மறுபடியும் வேலி கடந்து செல்லும். இம்முறை கொண்டுசெல்பவள் வாசலில் நின்றே ஒரு வார்த்தை சொல்லலாம்: ‘முட்டை இல்லை, நெய் இல்லை, குடிவகை ஒன்றும் இல்லை. நீங்களும் சாப்பிடலாம் அக்கா.’ அந்த அக்கா தட்டை உள்ளே கொண்டுபோய் வைக்கமாட்டார். அங்கேயே ஒரு துண்டைப் பிட்டு வாயிலிடுவார்.