பிள்ளையை முழுமையாய் வளர்ப்போம்

(பெற்றோரும் ஆசிரியரும் கூடிய ஊர்க்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி எது? “எத்தனை மதிப்பெண்?” என்பதே. எவரோடு விளையாடினாய், எதற்கு அஞ்சினாய், இன்று உன் கையால் என்ன செய்தாய் என்று கேட்பார் மிக அரியர். பிள்ளை என்பது தலை மட்டுமன்று. அதற்கு வயிறுண்டு, கையுண்டு, நெஞ்சுண்டு, நாவுண்டு. இந்நான்கையும் வாடவிட்டுத் தலையை மட்டும் நிரப்ப முனைவது, வேருக்கு நீர் பாய்ச்சாமல் இலைக்கு நீர் தெளிப்பதாகும்.

முதலில் வயிறு. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1920-இல் நயன்மைக் கட்சித் தலைவர் தியாகராயரின் முயற்சியால், சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கப் பெற்றது. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது நாடெங்கும் பரவத் தொடங்கியது. கல்வி இயக்குநராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர்ஊராய்ச் சென்று மக்களை அதற்கு அணிதிரட்டினார். அன்று அடுப்பெரித்தது அரசு மட்டுமன்று. ஊரும் சேர்ந்தே எரித்தது. வீட்டுக்கு ஒருபிடி அரிசி, தோட்டத்துக் காய் என்று மக்களே தந்தனர். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் இருக்கையும் கரும்பலகையும் கட்டடமும் ஊராரே அளித்தனர்.

1982-இல் அவ்வுணவுத் திட்டம் விரிவடைந்தது. 2022-இல் 1,545 தொடக்கப் பள்ளிகளில் காலையுணவும் தொடங்கி, மறு ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் சென்றது. மகிழ்ச்சியே! ஆயினும் ஒன்று கேட்கின்றேன்: அரசு கைகொடுத்ததும் ஊர் ஏன் கையை இழுத்துக் கொண்டது? அரசு தந்தது குற்றமன்று. நாம் ஒதுங்கியதே குற்றம்.

அடுத்துக் கை. 1953-இல் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பிள்ளை பயிலட்டும் என்றொரு திட்டம் வந்தது. அதனைக் குலக்கல்வி என்று தமிழகம் எதிர்த்தது. 1954-இல் அது நீங்கிற்று. எதிர்த்தது முற்றிலும் முறையே. ஆனால் நாம் வெறுத்தது குலத் தளையையேயன்றிக் கைத்தொழிலை அன்று. அப்பன் தொழில் மகனுக்கு என்றால் அது விலங்கு. எல்லாத் தொழிலும் எல்லாப் பிள்ளைக்கும் என்றால் அது கல்வி. உழவர் வீட்டுப் பிள்ளையும் வணிகர் வீட்டுப் பிள்ளையும் ஒருங்கே மண் பிசையட்டும், மரம் இழைக்கட்டும், நாற்று நடட்டும். நம் ஊரின் தச்சரும் குயவரும் நெசவாளரும் திங்களுக்கு ஒருநாள் பள்ளிக்கு வந்து ஆசிரியராய் நிற்கட்டும். அன்று அத்தொழிலைப் பிள்ளைகள் இழிவாய் எண்ணமாட்டார்கள்.

மூன்றாவது நெஞ்சு. 2023-இல் நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனை உடன்பயின்றோரே சாதிவெறி கொண்டு வீடுபுகுந்து வெட்டினர்; தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். அந்த வெறியை எந்தப் பாடநூல் அவர்களுக்குக் கற்பித்தது? எந்த நூலும் கற்பிக்கவில்லை. தெருவும் திண்ணையும் வீடும் கற்பித்தன. பள்ளி ஒன்று கற்பிக்க, ஊர் வேறொன்று கற்பிக்கின்றது. இரண்டில் ஊரின் பாடமே ஆழப் பதிகின்றது. ஆகவே, பிள்ளையைத் திருத்துமுன் நம் பேச்சைத் திருத்திக் கொள்ள வேண்டும். உணவு வேளையில் நாம் உதிர்க்கும் ஒரு சொல்லும் பிள்ளைக்குப் பாடமே.

நான்காவது நா. தாய்மொழியில் கேட்ட பிள்ளை வினவும். விளங்காத மொழியில் கேட்ட பிள்ளை ஒப்புவிக்கும். வினா எழாத இடத்தில் அறிவு எழாது. பிறமொழியை மொழியாகக் கற்கட்டும். எண்ணத்தைத் தமிழில் வளர்க்கட்டும்.

இவை என் விருப்பம் மட்டுமல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பிள்ளையின் முழு வளர்ச்சியையும், செய்து கற்றலையும், அச்சம் நீங்கலையும், இயன்றவரை தாய்மொழி வழியையும் கல்வியின் நெறிகளாக வகுத்துள்ளது. 17-ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதையும் உள்ளத்தை வருத்துவதையும் தடுக்கின்றது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரும் காப்பாளருமே. பாதிப்பேர் பெண்கள். உரிமை நம் கையிலேயே இருக்கின்றது. நாமோ அங்குச் சென்று கையொப்பமிட்டுத் திரும்பிவிடுகின்றோம்!

அடுத்த கூட்டத்திற்குச் செல்லுங்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: பிள்ளைகள் வயிறார உண்கின்றனரா? கையால் ஏதேனும் செய்கின்றனரா? அச்சமின்றி ஒன்றாய் அமர்கின்றனரா? தம் மொழியில் வினவுகின்றனரா? விடையில் குறையிருப்பின், ஆசிரியரைக் குறைகூறித் திரும்பாதீர்கள். அவரோடு நின்று நிறைவு செய்யுங்கள்.

நம் ஊர்ப் பள்ளியை நாமே காப்போம். நம் பிள்ளைகளை முழு மாந்தராய் வளர்ப்போம்!