முகத்துவாரம் வரை கோல்



பழவேற்காடு ஏரி ஆழம் குறைந்தது. அங்குள்ள குப்பங்களிலிருந்து கடலுக்குப் புறப்படும் படகுகளைக் கவனித்திருக்கிறேன். ஆழமற்ற நீரில் கோலூன்றித் தள்ளுகிறார்கள். ஆழம் கிடைத்த பின்னரே எஞ்சினை முடுக்குகிறார்கள். கணிப்பொறி கண்விழிப்பதும் ஏறத்தாழ இவ்விதமே.

1978-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8086 செயலி, ஒரு மெகாபைட் நினைவகத்தை மட்டுமே எட்டவல்லது. அதன் வழித்தோன்றல்கள் 64 பிட் திறன் பெற்ற பின்னும், மின்சாரம் பாய்ந்ததும் மூதாதையின் அந்த 16 பிட் நிலையிலேயே விழிக்கின்றன. பழைய பயாஸ் முறையில், வட்டின் முதல் 512 பைட்டுகள் நினைவகத்தில் ஏற்றப்படும். அதுவே துவக்கி, அதாவது பூட்லோடர். அச்சிறு நிரல் தன் எஞ்சிய பகுதியைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலை ஏற்றுகிறது. நினைவகப் பகுதிகளுக்கு அட்டவணை அமைத்து, செயலியை 32 பிட் பாதுகாப்பு நிலைக்கு உயர்த்துகிறது. 64 பிட் நிலைக்குச் செல்வதானால் பக்க அட்டவணைகளும் வேண்டும். இக்காலத்து யூஇஎஃப்ஐ கணிப்பொறிகளில் இவ்வேலை முன்னரே முடிந்துவிடுவதுண்டு. ஆகவேதான் லினக்ஸ் கெர்னல் 16, 32, 64 பிட் நிலைகளுக்குத் தனித்தனி வாயில்கள் வைத்திருக்கிறது.

வாயில் மாறினால் என்னவாகும்? 32 பிட் வாயிலில் 16 பிட் நிலையிலேயே நுழைந்தால், அதே பைட்டுகள் வேறு கட்டளைகளாகப் பொருள்படும். பிழையென்று எழுதிக் காட்டவும் அங்கே ஆளில்லை. திரை இருண்டே கிடக்கும்.

நம் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி செயலியில் 2018-இல் லினக்ஸ் இயங்கியது. ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சேர்ந்த அச்செயலி, முழு அதிகாரமுள்ள எந்திர நிலையில் விழிக்கிறது. அடிநிரல் வன்பொருளைச் சீர்செய்தபின், அதிகாரம் குறைந்த மேற்பார்வை நிலைக்கு இறங்கிக் கெர்னலை அழைக்கிறது. எந்தக் கரு இயங்குகிறது, வன்பொருள் விவரம் எங்குள்ளது என்னும் இரு செய்திகளை இரண்டு பதிவகங்களில் வைத்து ஒப்படைக்கிறது. இன்டெல்லில் திறன் ஏறுகிறது. இங்கே அதிகாரம் இறங்குகிறது. இரண்டிலும் ஒப்படைப்பு பிசகக் கூடாது.

சக்தியின் அடிப்படையில் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் விண்வெளிப் பணிக்கென உருவாக்கிய ஐரிஸ் செயலி, 2025-இல் வெற்றிகரமாகத் துவங்கியது. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழுவதை இக்குப்பங்களின் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். வானில் ஏறிவிட்ட கலத்தில் திரை இருண்டால், அங்கே சென்று பொத்தானை அழுத்துவார் யார்?

ரிஸ்க்-ஃபைவ் விதிகளும் லினக்ஸின் துவக்க விதிகளும் எவரும் படிக்கும்படி வெளியாகியுள்ளன. நகரத்து மாணவனுக்கும் குப்பத்து மாணவிக்கும் அவை ஒன்றே. எடுத்துப் படியுங்கள்.